மாமனார் வராத தமிழ் வகுப்பு

வாழ்க்கையில் பலரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள், என்னைவிட மோசமாக எழுதி என்னைவிட அதிகம் பாராட்டு வாங்குகிறவர்கள், நாற்பதைத் தாண்டியும் தலையில் முடி வைத்திருக்கிறவர்கள். இவையெல்லாம் கௌரவமான பொறாமைகள். நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் ஒரு வயதானவர் பேசுவதைக் கேட்பதையே வேலையாக வைத்திருந்த ஒரு பெண்மேல் ஏழு மாதம் வெந்துகொண்டிருந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வயதானவர் என் மாமனார். எழுபதுகளின் கடைசியில் மாயவரம் பக்கத்திலிருந்து மூன்று வருட ஒப்பந்தத்தில் மொரீஷியசுக்குத் தமிழ் ஆசிரியனாக வந்தவன் நான். வந்த இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு குட்லண்ட்ஸில் பெண்டாட்டி வீட்டிலேயே தங்கிவிட்டேன். ஊரில் இருந்த அண்ணனுக்குக் கடிதம் எழுதும்போது ‘மாமனார் எங்களோடுதான் இருக்கிறார்’ என்று எழுதுவேன். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று அவன் கேட்டதில்லை.

மாமனாருக்குத் தெரிந்த தமிழ், கோயிலில் பாடும் சில பாட்டுகளும் உறவுமுறைச் சொற்களும்தான். அந்தப் பாட்டுகளுக்கும் பொருள் தெரியாது. வீட்டுப் பேச்செல்லாம் பிரெஞ்சு உருமாறி வந்த தீவு மொழியான கிரியோலில் நடந்தது. இங்கே எல்லோரையும் தமிழில் பேச வைக்கிறேன். நிஜத்தில் அவர்கள் இதைவிட வேகமாகவும் நான் இதைவிடத் திணறியும் பேசினோம். ஊர் முழுக்க என்னை ‘மிஸ்யே’ என்றுதான் கூப்பிடும். வாத்தியாருக்கு அங்கே அதுதான் மரியாதை. மாமனாரும் அப்படியே கூப்பிட்டார். மாப்பிள்ளை என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

முப்பது வருடம் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை சுமந்தவர். மூட்டையே இல்லாமல் சர்க்கரையை மெஷின் வைத்துக் கப்பலுக்குள் கொட்டும் காலம் வந்தபோது, ஒருபக்கம் புடைத்துப்போன தோளோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதற்கடுத்து மாமியார் இறந்துபோனார். அதன் பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்துவிட்டார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே ஒரு தகர டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வருடங்களில் ஊரே ஸ்வெட்டர் தைத்துக்கொண்டிருந்தது. என் மனைவி ஆலையில் சூப்பர்வைசர். காலை ஆறு மணிக்கு ஆலை வேன் வந்து ஹாரன் அடித்தால் அவளும் தெருவில் பாதிப் பெண்களும் ஏறிப் போய்விடுவார்கள். பையன்கள் கடற்கரை ஹோட்டல்களில் தட்டேந்தப் போனார்கள். பகலில் தெருவில் மிஞ்சியவை நாய்களும் என் மாமனாரும்தான்.

அவரைத் தேற்றும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் ஒரு நாற்காலியை டிரம்முக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பேசுவேன். துக்கத்தைப் பற்றி நம் மொழியில் நிறைய இருக்கிறது. நான் நிறையப் படித்தவன். மரணத்தின் இயல்பு, காலத்தின் போக்கு, மனத்திடம் என்று ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு தலைப்பு. அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘வீ, மிஸ்யே’ என்பார். ஆமாம் வாத்தியாரே என்று அர்த்தம். ஒன்றரை வருடம் ‘வீ, மிஸ்யே’ கேட்டேன். நல்ல முன்னேற்றம் என்று மனைவியிடம் சொல்லிவந்தேன்.

மற்றவற்றையும் செய்துபார்த்தோம். தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதமிருந்து காவடி எடுத்தார். வெறுங்காலோடு தார்ச்சாலையில் கோயில்வரை நடந்து, திரும்பி வந்து, மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு டிரம்மில் உட்கார்ந்தார். கோயில் குருக்கள் கயிறு கட்டினார். சுகாதார நிலையத்து டாக்டர் டானிக் எழுதினார், பிறகு தூக்க மாத்திரை எழுதினார். மூன்றாம் முறை போனபோது டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு என் மனைவியிடம், இது மனச்சோர்வு, இதுவும் ஒரு நோய்தான், சர்க்கரை வியாதி மாதிரி என்றாராம். போ பசானில் ஒரு பெண் மனநல ஆலோசகர் இருக்கிறார், வியாழக்கிழமை மாலையில் வயதானவர்களைப் பார்க்கிறார், கட்டணம் கிடையாது, அங்கே கூட்டிப்போங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

போ பசான் என்ற பெயரிலேயே விஷயம் கெட்டது. அழகான ஊர்தான், மரங்களும் மாடிவீடுகளும் உண்டு. ஆனால் தீவின் மனநோய் ஆஸ்பத்திரியும் அங்கே, சிறைச்சாலையும் அங்கே. ஒருவரைப் போ பசானுக்குக் கூட்டிப்போனார்கள் என்றால் இரண்டில் எது என்று கேட்பதுகூட நாகரிகமில்லை என்று எங்கள் ஊரில் நினைத்தார்கள்.

“நான் பைத்தியமா?” என்றார் மாமனார்.

“இல்லப்பா,” என்றாள் என் மனைவி. “அது ஆஸ்பத்திரியே இல்லை. ஒரு மாடி ரூம், ரெண்டு நாற்காலி. உக்காந்து பேசணும், அவ்வளவுதான்.”

“அப்போ ஆஸ்பத்திரியைவிட மோசம். ஊசியாவது போட்டா வந்துடலாம்.”

“ஒருதடவை போய்ப் பாருங்க.”

“அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?”

“முப்பது இருக்கும்.”

“என் முழங்கால் வலிக்கு அதைவிட வயசு அதிகம்.”

அவருடைய உண்மையான பயம் அந்தப் பெண்ணைப் பற்றியது இல்லை. எங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் காய்கறிக் கூடையோடு எப்போதும் நிற்கும் எதிர்வீட்டு அம்மாளைப் பற்றியது. ஒவ்வொரு வியாழனும் எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்பாள். கேட்ட பதிலை, பஸ் அடுத்த நிறுத்தம் போவதற்குள் ஊருக்குச் சொல்லிவிடுவாள்.

வழி கண்டுபிடித்தவள் என் மனைவி. வியாழக்கிழமை மாலைகளில் போ பசான் கோயில் கூடத்தில் பெரியவர்களுக்கு நான் ஒரு தமிழ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்பது பேர் வருவார்கள். “அப்பா மிஸ்யேயோட தமிழ் கிளாஸுக்குப் போறார்னு சொல்லிடலாம்,” என்றாள்.

இந்தப் பொய் எங்கள் ஊரில் மட்டுமே செல்லும். நாலு தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள். மொழி எப்போதோ கைநழுவிவிட்டது. அறுபத்தெட்டு வயதில் ஒருவர் தமிழ் படிக்கக் கிளம்பினால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். படித்தாயா என்று யாரும் சோதிக்கமாட்டார்கள். சோதிப்பதற்குச் சோதிப்பவருக்கும் தெரிந்திருக்கவேண்டுமே. மாமனார் ஒப்புக்கொண்டார். ஒரே ஒருதடவை என்ற நிபந்தனையோடு.

இரண்டு பஸ். குட்லண்ட்ஸிலிருந்து போர்ட் லூயிஸ். அங்கே வடக்கு பஸ் நிலையத்தில் இறங்கி, நகரத்தைக் குறுக்காக நடந்து கடந்து, அந்தப்பக்க நிலையத்தில் இன்னொரு பஸ். நடக்கும்போது துறைமுகம் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. போ பசானில் என் கோயில் கூடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி அந்த மாடி அறை. குட்டையாக முடிவெட்டிய கிரியோல் பெண், காலில் சாதாரண ரப்பர் செருப்பு. எழுந்து வந்து கைகொடுத்து, “வாங்க, தோந்தோன்,” என்றாள். மாமா என்பதுபோல அங்கே பெரியவர்களைக் கூப்பிடும் சொல். பிறகு கதவைச் சாத்தினாள்.

பத்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று எனக்கு உறுதி. ஒன்றரை வருடம் அவரிடம் பேசியவன் நான். அவரிடம் இரண்டே சொல்தான் உண்டு என்பது எனக்குத் தெரியாதா? ஒரு மணி நேரம் கழித்து இறங்கிவந்தார்.

“என்ன பேசினீங்க மாமா?”

“ஒண்ணுமில்லை.”

“ஒரு மணி நேரமா?”

“வீ, மிஸ்யே.”

அடுத்த வியாழனும் வருவதாகச் சொன்னார். அதற்கடுத்ததும். நாலாவது வாரத்திலிருந்து புதன்கிழமை மாலையில் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட ஆரம்பித்தார். எனக்கு முதலில் உறைத்தது அந்தச் சட்டைதான். என்னோடு பேச வருவதற்கு அவர் பனியனுக்கு மேல் எதையும் போட்டதில்லை.

ஒரு வியாழன், வகுப்புக்கு ஒரு பத்தியைப் பார்த்தெழுதக் கொடுத்துவிட்டு, சாக்பீஸ் எடுத்துவரும் பாவனையில் அவள் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். செய்தவனே சொல்கிறேன், அது ஒட்டுக்கேட்பதுதான். வார்த்தைகள் புரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. என் மாமனார் பேசிக்கொண்டிருந்தார். ஓர் ஆள் கதை சொல்வதுபோல, ஏறி இறங்கி, நடுவே நிறுத்தி, திரும்பத் தொடங்கிப் பேசினார். அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பு யாருடையது என்று எனக்குச் சில வினாடிகள் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் அதற்கு முன்னால் கேட்டதில்லை. வகுப்புக்குத் திரும்பிவந்து ஒன்பது பேருக்கும் குறைந்த மதிப்பெண் போட்டேன்.

அவளையே ஒருநாள் மாடிப்படியில் மடக்கினேன்.

“மாமனார் எப்படி இருக்கார்?”

“நீங்கதானே கூட இருக்கீங்க.”

“இல்ல, இங்க என்ன சொல்றார்னு... என்னைப் பத்தி ஏதாவது?”

“அவர்கிட்டயே கேளுங்களேன்.”

“அவர் சொல்லமாட்டேங்கறார்.”

“அப்போ நானும் சொல்லமாட்டேன், மிஸ்யே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்கு அந்த ‘மிஸ்யே’ எங்கிருந்து கிடைத்தது என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். என் பேச்சு அந்த அறைக்குள் வந்திருக்கிறது. எந்தத் தோற்றத்தில் வந்தது என்பதுதான் தெரியவில்லை.

அவரோ தேறிக்கொண்டிருந்தார். முகம் மழித்தார். மழைநீர்க் குழாயைச் செப்பனிட்டார். கடைக்குப் போய் ரொட்டி வாங்கிவந்தார்; வழியில் நாலு பேருக்கு வணக்கம் வேறு. மகளிடம், ‘இன்னிக்கு ஆலையில என்ன?’ என்று கேட்டபோது அவள் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். சந்தோஷப்பட வேண்டிய வீட்டில் நான் ஒருவன் மட்டும், கல்யாணச் சாப்பாட்டில் இலை கிடைக்காதவன்போல நின்றேன். இரண்டாயிரம் வருடத்து இலக்கியத்தைக் கரைத்து ஊற்றியும் எழுந்திருக்காதவர், ரப்பர் செருப்புப் போட்ட ஒரு பெண் சும்மா கேட்டுக்கொண்டிருந்ததற்கு எழுந்துவிட்டாரே.

ஆறுதல் வேறு திசையிலிருந்து வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் எங்கள் ஊரில் இரும்புக்கடை வைத்திருந்தார். ஆணி வாங்கப் போனபோது கல்லாவிலிருந்து எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மிஸ்யே, அந்த ஆளை என்ன பண்ணீங்க? நேத்து என்னோட நின்னு பேசினார். அவர் சம்சாரம் போனதுக்கப்புறம் இப்பதான் அவர் பல்லைப் பாக்கறேன்.”

“நான் என்ன பண்ணினேன். எல்லாம் தமிழ்தான்.”

எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது என்று நானே வியந்தேன். தலையைக்கூடத் தேவையான அளவு குனிந்துகொண்டேன். ஊர் முழுவதும் அப்படியே பேசிற்று. மிஸ்யேயின் வகுப்பில் சேர்ந்து கிழவர் புது ஆளாகிவிட்டார். அவள் செய்த வேலைக்கு எனக்குப் பாராட்டு வந்துகொண்டிருந்தது. இருந்தும் வீட்டுக்கு வந்து இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தால் நெஞ்சில் மறுபடி எரியும்.

மார்ச் மாதத்தில் தலைவர் இரண்டு யோசனைகளோடு வந்தார். ஒன்று, குட்லண்ட்ஸ் கோயிலிலும் பெரியவர்களுக்கு ஒரு தமிழ் வகுப்பு, நான்தான் தலைமை. இரண்டாவது, தமிழ்ப் புத்தாண்டு விழாவுக்குப் பெரிய விருந்தினர் ஒருவர் வருகிறார், அவருக்கு வரவேற்புரையை என் மாமனாரே தமிழில் வாசிக்கட்டும், ஒரு பக்கம் போதும், இத்தனை வயதில் படித்து வாசிக்கிறார் என்றால் நாலு பேருக்கு எழுச்சியாக இருக்கும்.

“அதற்கென்ன,” என்றேன்.

யாரையும் கேட்காமல் சொன்னேன். விழாவுக்கு நாலு வாரம் இருந்தது.

மனைவி ஃபராட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கேட்டதும் கை நின்றது.

“அப்பாவுக்குத் தமிழே தெரியாதே.”

“கத்துத் தரேன்.”

“எப்போ?”

“வியாழக்கிழமைதான் இருக்கு. மத்த நாள் எனக்கு டியூஷன். ஒரு மாசம்தானே, அங்க கொஞ்சம் நிறுத்திவச்சுட்டு என் வகுப்புல உக்காரட்டும்.”

ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு முழுதாகக் காலியாக இருந்தன. அதை நான் சொல்லவில்லை. அவளுக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நான் வாசிக்கலேன்னா என்ன ஆகும்?”

“அப்போ இத்தனை மாசம் எங்க போனீங்கன்னு கேப்பாங்க, மாமா.”

நான் என்ன சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். அவருடைய பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து அங்கே விரலை வைத்தேன். “கி பூ ஃபேர்,” என்றார். என்ன செய்ய என்று அர்த்தம். அந்தத் தீவில் புயலுக்கும் சாவுக்கும் சொல்லும் வார்த்தை.

முதல் வியாழன். மாடிப்படியைத் தாண்டி என் வகுப்புக்கு வரும்போது அந்த ஜன்னல் திறந்திருந்தது. நின்று, தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு வந்தார். கடைசி பெஞ்சில் அவரை உட்காரவைத்தேன். அங்கே எல்லோரும் கோயில் பாட்டுகளை எழுதிவைத்துக்கொள்வதுபோல அவரும் தமிழ் வரிகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு வரியாக நான் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். அவருடைய வியாழக்கிழமை என் கையில் இருந்தது. அன்று திரும்பும் பஸ்ஸில் நான் மெதுவாகப் பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று சொன்னால் என் மனைவி இப்போதும் நம்பமாட்டாள்.

அவர் நல்ல மாணவர். உச்சரிப்பு என் ஒன்பது பேரையும்விடச் சுத்தமாக இருந்தது. ஆனால் இரண்டாவது வாரம் சட்டை இஸ்திரி இல்லை. மூன்றாவது வாரம் முகம் மழிக்கவில்லை. ரொட்டி வாங்கப் போவது நின்றது. தட்டில் சோறு மிஞ்சியது. டிரம் சுவரோரம் திரும்பவும் வந்துவிட்டது. பாதிப் பக்கம் மனப்பாடம் ஆகியிருந்தது. கேட்டால் ஒரு பிழையில்லாமல், சுவரைப் பார்த்தபடி ஒப்பிப்பார். கேட்க எனக்கே என்னவோ போல் இருந்தது.

மூன்றாவது வியாழனுக்கு மறுநாள் காலை, மனைவி வேலைக்குக் கிளம்பும்போது அவருக்குத் தேநீர் எடுத்துப் போனாள். தேநீரோடு அப்படியே திரும்பி வந்தாள்.

“அப்பா என்ன சொல்றார் தெரியுமா? எழுந்திருக்கணும்னே தோணலையாம். அம்மா போன இடத்துக்கே போயிட்டா தேவலாம்னு இருக்காம்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“இருங்க. உங்களுக்கு டியூஷன் ஞாயித்துக்கிழமை கிடையாது. நேத்துதான் யோசிச்சேன்.”

“அதில்ல...”

“உங்ககிட்ட பேசாம அவகிட்ட பேசினதுக்கு அப்பாவுக்கு இதுதான் தண்டனையா?”

வெளியே வேன் ஹாரன் அடித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று, “நான் இன்னிக்குப் போகலேன்னா நாலு லைன் நின்னுடும். இல்லேன்னா போயிருக்கமாட்டேன். அவரைத் தனியா விடாதீங்க,” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அன்று பள்ளிக்குப் போகவில்லை. மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாற்காலி எடுத்துப் போகவில்லை. தரையில் ஒரு செங்கல்லின்மேல் உட்கார்ந்தேன். தலைப்பு எதுவும் கையில் இல்லை. வெகுநேரம் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம். சுமாரான சுவர். அவர் அதில் என்ன பார்க்கிறார் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

“உங்களுக்கு அங்க போகணுமா, மாமா?” என்று கடைசியில் கேட்டேன்.

அவர் பதில் சொன்னார். என்னிடம் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

“மிஸ்யே, நீங்க நல்ல மனுஷன். தினமும் வந்து பேசினீங்க. நீங்க பேசினா நான் ‘வீ’ன்னு சொல்லணும். சொல்லலேன்னா உங்களுக்குக் கஷ்டமா போயிடும். மகள்கிட்ட சொன்னா அவ அழுவா, அப்புறம் நான் அவளைத் தேத்தணும். அங்க யாரையும் தேத்த வேண்டியதில்லை. நான் பாட்டுக்குச் சொல்லலாம். மூட்டை இறக்கற மாதிரி இல்ல, அது இறங்காது. ஆனா கொஞ்சநேரம் கீழ வச்சுட்டு நிக்கலாம்.”

ஒன்றரை வருடம் நான் அவரைத் தேற்றினேன் என்று நினைத்திருந்தேன். அவர்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

“கமிட்டித் தலைவர்கிட்ட நான் சொல்லிடறேன்.”

“என்னன்னு?”

“நீங்க என் வகுப்புல படிச்சதே இல்லைன்னு. எல்லாம் நான் சொன்ன பொய்னு.”

அவர் யோசித்தார். “அது போதும். எங்க போனேன்னு கேட்டா, என்னையே கேக்கச் சொல்லுங்க.”

காலையில் எதிர்வீட்டுப் பையன் மூலம் பள்ளிக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லியனுப்பியது ஊருக்குப் பரவியிருந்ததால், சாயங்காலம் மனைவி திரும்பிய பிறகு நான் இரும்புக்கடைக்குப் போனபோது தலைவர் முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு விஷயத்தைச் சொன்னேன். ஒரு பெயிண்ட் டப்பாவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அப்போ தமிழ் கத்துக்கலையா?”

“இல்லை.”

“அப்புறம் எப்படி ஆள் தேறினார்?”

“அவரையே கேளுங்க.”

“அவர்தான் இதைப் பத்திப் பேசவே மாட்டாரே.”

“அது என்கிட்ட.”

டப்பாவை அலமாரியில் வைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை, அதைவிட மோசமாக, கணக்குத் தப்பிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “விருந்தாளி வர்றாரே மிஸ்யே. நீங்களே வாசிச்சிடுங்க,” என்றார். வாசித்தேன். முன்வரிசையில் மாமனார் என்னோடு பாதிப் பக்கம்வரை உதட்டை அசைத்துக்கொண்டு வந்தார். குட்லண்ட்ஸ் வகுப்பு மட்டும் எனக்கு வரவில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் இளைஞனுக்குப் போயிற்று. அவன் தலையில் நிறைய முடி.

விழாவெல்லாம் பிறகு. அதற்கு முன்னால் அந்த வியாழன் வந்தது. பஸ் நிறுத்தத்தில் எதிர்வீட்டு அம்மாள் கூடையோடு நின்றாள்.

“தமிழ் கிளாஸா, தோந்தோன்?”

“இல்ல,” என்றார் மாமனார். “போ பசான்ல ஒரு பொண்ணு இருக்கா. மனசு சரியில்லாதவங்க சொன்னா கேப்பா. அவகிட்டதான் போறேன். இத்தனை நாளும் அங்கதான் போனேன்.”

அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

“மருந்து குடுப்பாளா?”

“இல்ல.”

“சும்மா கேப்பாளா?”

“நடுவுல ஒண்ணு ரெண்டு கேள்வி கேப்பா. நல்ல கேள்வி.”

பஸ் வந்தது. அம்மாள் எங்களிடமிருந்து நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். அன்று மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த சில வாரம் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், உள்ளே யாரோ தூங்குவதுபோலக் குரலைத் தணித்துப் பேசினார்கள். ஒன்றிரண்டு பேர் வருவதையே நிறுத்தினார்கள். மாமனார் இதற்காகத்தான் அவ்வளவு பயந்தார். நடந்தபோது என்னவோ அவ்வளவாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. என் மனைவிதான் ஆலையில் யாரோ ஏதோ கேட்டார்கள் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தாள்.

போ பசானில் மாடிப்படி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிற்று. மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாத உடம்பு. கதவு திறந்தே இருந்தது. அந்த மூன்று வியாழனும் அவருடைய நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. என்னை முறைக்கவும் இல்லை. முறைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். “வாங்க, தோந்தோன். உக்காருங்க, தண்ணி தரேன்,” என்றாள். அவர் உட்கார்ந்தார். புடைத்த தோள் ஓரடி இறங்கியதுபோல் எனக்குப் பட்டது. அவள் எழுந்துவந்து, எனக்குத் தலையசைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

சாத்திய கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்றேன். கேட்பதற்காக இல்லை என்று எழுத ஆசைதான். ஒன்றும் கேட்கவில்லை, நல்ல கனமான கதவு. வகுப்பு காத்துக்கொண்டிருந்தது, போனேன்.

திரும்பும்போது போர்ட் லூயிஸிலிருந்து கடைசிக்கு முந்தைய பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் அவர். இரண்டு பக்கமும் கரும்பு. பாதித்தூரம் போனதும் அவராகவே பேசினார்.

“இன்னிக்கு உங்களைப் பத்தியும் சொன்னேன்.”

“என்ன சொன்னீங்க, மாமா?”

அவர் கரும்பைப் பார்த்தார். “அது அங்க சொன்னது, மிஸ்யே.”

குட்லண்ட்ஸ் வரும்வரை நான் அந்த ஒரு வாக்கியத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். என்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப் போதுமான விஷயம் உண்டா. உண்டென்றால் அவள் எங்கே சிரித்தாள். எந்த இடத்தில் அந்த நல்ல கேள்வியைக் கேட்டாள். பொறாமை போய்விடவில்லை. முன்னைவிட விவரமாக இருந்தது.

வீட்டில் மனைவி கருவாட்டு ருகாய் செய்து வைத்திருந்தாள். தக்காளியும் வெங்காயமும் போட்டு அந்தத் தீவில் செய்வது. மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் தட்டைக் காலிசெய்துவிட்டுச் சும்மா இருந்தார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார், என் பக்கமாக. சோற்றுப் பாத்திரம் என் கிட்டே இருந்தது. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கரண்டி போட்டேன். போதும் என்று அவர் சொல்லவில்லை; இன்னொரு கரண்டியும் போட்டேன்.